கைராசிக்காரரின் நாலாவது படி

கைராசிக்காரர்கள் என்றொரு இனம் உண்டு. பார்வைக்கு நம்மைப் போலவே இருப்பார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் கை பட்ட எதுவும் கெட்டுப்போகாது. கெட்டுப்போயிருந்தால் அவர்கள் தொடுவதற்கு முன்பே கெட்டுப்போயிருக்கும். இல்லாவிட்டால் அவர்கள் கையை எடுத்த பிறகு வேறு யாரோ தொட்டிருப்பார்கள். நடுவில், அவர்கள் கையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், அது குறையே இல்லாத பொருள். இதை அவர்கள் பொய்யாகச் சொல்வதில்லை. அதுதான் சங்கடம். மனதார நம்பிச் சொல்கிறார்கள்.

குழாய் ரிப்பேர் செய்கிறவர்களில் இந்த இனம் உண்டு, தையல்காரர்களில் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போடுகிறவர்களில் ஏராளமாக உண்டு. ஆனால் இந்த இனம் கொழுத்து வளர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் கணினிக்காரர்களின் அறைக்குத்தான் போக வேண்டும். ஏனென்றால் அங்கே ஒரு பொருளை ஆறு பேர் தொட்டிருப்பார்கள். பழியைத் தள்ளிவிட மற்ற ஐந்து பேர் எப்போதும் கைவசம் இருப்பார்கள்.

நம்மவர் அப்படி ஓர் அறையில் கெர்னல் வேலை பார்க்கிறவர். பயந்துபோய்ப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணினியில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் அடியில் மேஸ்திரி மாதிரி ஒரு நிரல் உட்கார்ந்திருக்கும், அதுதான் கெர்னல். மெமரி வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பதும் அதன் பாடு. நாற்காலி வாடகைக்கு விடும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். போன நாற்காலி எல்லாம் கிடங்குக்குத் திரும்பி வரும்வரை கடை நடக்கும். தினம் நாலு நாற்காலி திரும்பி வராமல் போனால் முதலில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் வாடிக்கைக்காரர் வந்து நிற்பார். கிடங்கு காலியாக இருக்கும். கணினியில் இதற்கு லீக் என்று பெயர்.

மூன்றாவது மாடியில், கார்கள் நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை. அறைக்குள் ஆறு மேசைகள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சோதனை மெஷின்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் பின்னறை. நம்மவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வைத்தவர் அந்தப் பின்னறையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்தான். அவர் கேலியாகத்தான் வைத்தார். நம்மவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அன்றைக்கு எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

ஒரு புகார் வந்தால் அவர் நடந்துகொள்ளும் முறை இருக்கிறதே, அது ஒரு சடங்கு. நாற்காலியில் நன்றாகச் சாய்வார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், பிறகு மெஷின் எவ்வளவு பழசு என்று கேட்பார். புதிது என்று சொன்னால், புது மெஷினில்தான் ஆரம்பத்தில் கோளாறு வரும் என்பார். அறையின் வெப்பம் என்ன, மின்சாரம் சீராக வருகிறதா, மெமரி அட்டையை யார் சொருகினார்கள், நிரலை மெஷின் மொழிக்கு மாற்றியது எந்தக் கம்பைலர், சோதனையை எழுதியது யார், அந்த ஆள் அதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தார், புகார் சொன்ன வாடிக்கையாளருக்கு உண்மையில் கணினி ஓட்டத் தெரியுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்து ஒரு தீர்ப்பு சொல்வார். "முந்தியே இருந்திருக்கும். இப்பதான் கண்ணுல பட்டிருக்கு." எவ்வளவு அழகான வாக்கியம், பாருங்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. குறிப்பாக ஒருவரை மட்டும் சொல்லவே இல்லை.

வெறும் வாய்ச்சொல் வீரர் என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு வருட அனுபவம். கெட்டிக்காரர். பிழை வேட்டையில் அவரளவு பொறுமை அந்த அறையில் யாருக்கும் கிடையாது. பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பழுதுகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றவாளி கிடைத்தார். ஒருதடவைகூட அவர் பெயர் அடிபட்டதில்லை. அதில் அவருக்கு எவ்வளவு பெருமை என்றால், வருடா வருடம் வேலை மதிப்பீட்டுப் படிவத்தில் 'என் மாற்றங்களில் கண்டறியப்பட்ட பழுதுகள்' என்ற இடத்தில் ஒரு பூஜ்யத்தை நிறுத்தி நிதானமாக, வட்டம் பிசகாமல் போடுவார்.

அந்தப் பூஜ்யத்துக்குத்தான் இப்போது ஒரு பலன் கிடைக்க இருந்தது. மெமரி பகுதியின் பொறுப்பாளர் வேறு ஊருக்குப் போகிறார். அடுத்த பொறுப்பாளர் யார் என்று டீம் தலைவி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சொல்லப்போகிறார். பொறுப்பாளர் என்றால் சும்மா இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் அந்தப் பகுதிக்குள் ஒரு வரி நுழைய முடியாது. போட்டியில் இரண்டே பேர். ஒருவர் நம்மவர். இன்னொருவர் பக்கத்து மேசை அம்மாள். அவரை எல்லோரும் கமெண்ட் அக்கா என்பார்கள். நிரலுக்கு நடுவே மனிதர்கள் படிப்பதற்காக எழுதிவைக்கும் குறிப்புக்கு கமெண்ட் என்று பெயர்; மெஷின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மெஷின் பார்க்காததை எல்லாம் கமெண்ட் அக்கா பார்ப்பார். யார் எழுதிய குறிப்பில் எழுத்து விட்டுப்போனாலும் சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போவார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அதனாலோ என்னவோ, கோபப்படாமல் கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் புகார் வந்தது. ஒரு பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் மெஷின்கள் கெர்னலின் புதுப் பதிப்பு போட்ட மூன்றாம் நாள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோய்விட்டன. பழைய பதிப்பில் வருடக்கணக்காக ஓடியவை. டெக்னீஷியன் பின்னறையில் அதே வேலைச் சுமையை மெஷின்மேல் ஏற்றிப் பார்த்தார். மூன்று நாளில் வந்த கோளாறு மூன்று மணி நேரத்தில் வந்தது. மெமரி லீக். நம்மவர் சாய்ந்தார், கண்ணாடியைத் துடைத்தார், மின்சாரத்திலிருந்து வாடிக்கையாளர் வரை விசாரித்து முடித்தார். பிறகு கையை உரசிக்கொண்டு எழுந்து, "வெட்டிடலாம்" என்றார்.

வெட்டுவது என்றால் இதுதான். பழைய பதிப்பு நல்லது, புதியது கெட்டது. இரண்டுக்கும் நடுவில் ஆறு பேருமாகச் செய்த மாற்றங்கள் இருநூறு. நட்ட நடுவில் இருக்கும் மாற்றம் வரைக்கும் எடுத்துக்கொண்டு மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒழுங்காக ஓடினால் சுவர்ப் பலகையில் 'நல்லது' என்று எழுத வேண்டும், அது நோட்டிலும் ஏறும். குற்றவாளி பின்பாதியில் இருக்கிறான். லீக் வந்தால் 'கெட்டது', அவன் முன்பாதியில். அந்தப் பாதியில் மறுபடி நடு. இப்படி வெட்டிக்கொண்டே போனால் எட்டுப் படியில் ஒரே ஒரு மாற்றம் தனியாக வந்து நிற்கும். தப்பவே முடியாது. ஒரே நிபந்தனை, ஒவ்வொரு படியையும் நிஜமாகவே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை இரண்டு படி, செவ்வாய் காலையில் மூன்றாவது. செவ்வாய் மத்தியானம் நாலாவது படிக்கு நடுவை எடுத்தார். அங்கே வந்து நின்றது அவருடைய சொந்த மாற்றம்.

போன மாதம் ஆசை ஆசையாகச் செய்தது அது. திரும்பி வரும் நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் வாசலிலேயே அடுக்கிவைத்து, அடுக்கு நிறைந்ததும் மொத்தமாக உள்ளே கொண்டுபோகும் ஏற்பாடு. வேகம் கூடியது. தலைவியே பாராட்டினார். மானிட்டரில் அதைப் பார்த்ததும் நம்மவர் முகத்தில், பள்ளிக்கூட வாசலில் தன் பிள்ளையைப் பார்த்த தகப்பனின் சிரிப்பு வந்தது. இதைப் போய் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்களா? சொந்தப் பிள்ளையின் பையை யாராவது சோதனை போடுவார்களா? எழுந்து போய்ப் பலகையில் நாலுக்கு எதிரே 'நல்லது' என்று எழுதிவிட்டு, மிச்சமான நேரத்தில் ஐந்தாவது படியை ஏற்றினார்.

ஐந்தாவது கெட்டது. ஆறு கெட்டது. ஏழு கெட்டது. வியாழக்கிழமை காலையில் எட்டாவதும் கெட்டது. ஒரே ஒரு மாற்றம் மிஞ்சியது. நம்மவருடைய மாற்றத்துக்கு நேர் அடுத்தது. செய்தவர் கமெண்ட் அக்கா. என்ன செய்திருந்தார்? நம்மவர் எழுதிய குறிப்பில் விட்டுப்போயிருந்த ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தார்.

நீங்களும் நானுமாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருப்போம். மெஷின் படிக்கவே படிக்காத குறிப்பில் ஓர் எழுத்து கூடினால் மெமரி எப்படி ஒழுகும் என்று தலையைச் சொறிந்திருப்போம். கைராசிக்காரர்கள் தலையைச் சொறிவதில்லை. அரை மணி நேரத்தில் அவரிடம் ஒரு சித்தாந்தம் தயாராகிவிட்டது. அந்த எழுத்து சேர்ந்ததால் வரி நீண்டது. நீண்ட வரி மடங்கி இரண்டானது. அதனால் கீழே இருக்கிற எல்லா வரியின் எண்ணும் ஒன்று கூடியது. வரி எண் கூடினால் பிழைச் செய்திக்குள் பதிந்திருக்கும் எண் மாறும். எண் மாறினால் நிரலின் அளவு நகரும். அளவு நகர்ந்தால் எதுவும் நடக்கலாம். 'எதுவும் நடக்கலாம்' என்கிற இடத்துக்கு வந்துவிட்டால் எந்தச் சித்தாந்தமும் பிழைத்துக்கொள்ளும்.

அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கமெண்ட் அக்காவின் மேசைக்கே போய், குரலைத் தாழ்த்தி, யாருக்கும் வருவதுதான், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், நாளைக்கு நாலு மணி விஷயத்தில்கூட இதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று தானே தலைவியிடம் சொல்வதாக ஆறுதல் சொன்னார். பெருந்தன்மையில் அவருக்கே கண் கலங்கியது. அந்த அம்மாள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இந்தச் சித்தாந்தத்தைக் கரண்டி, தட்டு, தண்ணீர் ஜாடி எல்லாவற்றையும் நகர்த்தி விளக்கினார். அவர் மனைவி கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கமெண்ட்ட மெஷின் படிக்காதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

"பொதுவா படிக்காது."

"பொதுவா படிக்காதுன்னா?"

அதெல்லாம் விளக்கினால் புரியாது என்று சொல்லிவிட்டு நம்மவர் தண்ணீர் ஜாடியை அதன் இடத்தில் வைத்தார். மனைவி சிவப்புப் பேனாவால் யாருடைய தாளிலோ ஒரு பெரிய கேள்விக்குறி போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, சேர்த்த எழுத்தை எடுத்துவிட்டு, அதாவது எழுத்துப் பிழையைப் பத்திரமாகப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, மெஷினை ஓட்டினார்கள். பதினொன்றரைக்கு லீக் ஜம்மென்று வந்து நின்றது. எழுத்தைச் சரியாக எடுத்திருக்க மாட்டார்கள் என்றார் நம்மவர்.

அப்போதுதான் கமெண்ட் அக்கா எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்தார்.

"சார், நாலாவதுக்கு அப்புறம் வரிசையா எல்லாமே கெட்டதுன்னு வந்திருக்கு."

"ஆமா மேடம். அதனாலதான் உங்க மாத்தத்துல வந்து நிக்குது."

"நாலாவது எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"அத ஓட்டல. அது என்னோடது."

ஒரு கூச்சமும் இல்லாமல்தான் சொன்னார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்வது மாதிரி. சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பின்னறைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கமெண்ட் அக்கா சிரிக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. மெஷின் காலியாகத்தான் இருக்கிறது, நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு நாலாவது படி முதன்முறையாக ஓடத் தொடங்கியது. நம்மவர் மெஷின் முன்னாலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் ஒரு மணி நேரம் திரையில் மெமரிச் செலவைக் காட்டும் கோடு நேராகப் போயிற்று; அவருக்கு எல்லோரையும் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டாவது மணி நேரத்தில் கோடு லேசாகத் தலையைத் தூக்கியது. மெமரி அட்டையின்மேல் சந்தேகப்பட்டார், பிறகு கம்பைலரின்மேல், பிறகு தன் கண்ணாடியின் பவரின்மேல். மூன்றாவது மணி நேரத்தில் சந்தேகப்பட ஆளில்லாமல் போயிற்று. கோடு மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

நிரலைத் திறந்து பார்த்தார். ஐந்தே நிமிடம். நாற்காலி கேட்டு வந்தவர் போதுமான நாற்காலி கிடைக்காமல் பாதியில் வேண்டாமென்று போய்விட்டால், அவர் திருப்பிக் கொடுத்து வாசலில் அடுக்கியதை உள்ளே எடுத்துப்போகும்படி அவர் யாருக்கும் சொல்லவே இல்லை. அடுத்தவருக்குப் புது அடுக்கு; பழைய அடுக்கு வாசலிலேயே நின்றுவிடும். நிறையவும் நிறையாது, உள்ளே போகவும் போகாது. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் இதைச் செய்திருந்தால் நம்மவர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

நாலு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் மனதில் வேறு யோசனையே வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வந்தது. மெஷின் சூடாகிவிட்டது, திங்கட்கிழமை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று சொன்னால் போதும். அதற்குள் பொறுப்பு கைக்கு வந்துவிடும். வந்த பிறகு சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். அந்த யோசனையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் முந்தின நாள் அந்த அம்மாளுக்குத் தான் சொன்ன ஆறுதல் வார்த்தை வார்த்தையாக ஞாபகத்துக்கு வந்து அவரைப் பிடுங்கித் தின்றது. வெட்கமாக இருந்தது. நிஜமான வெட்கம், பன்னிரண்டு வருடத்தில் பழக்கமில்லாத வெட்கம்.

கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தார். பழக்கதோஷத்தில், "அந்த மெஷின் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"நாலாவது படிய நான் ஓட்டல. என் மாத்தம்ங்கறதால நல்லதுன்னு எழுதிட்டேன். லீக் என்னோடது. மேடம்மேல தப்பு இல்ல."

தலைவி தலையசைத்து நன்றி சொன்னார். உட்கார்ந்ததும் நம்மவருக்கு உடம்பே லேசானது போல் இருந்தது. அடுத்த அரை நிமிடத்துக்குள், எத்தனை பேருக்கு இப்படி ஒப்புக்கொள்ளும் தைரியம் வரும் என்ற எண்ணம் மெல்லத் தலைகாட்டியது. பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு தப்பு, அதையும் தானே கண்டுபிடித்துத் தானே சொன்ன மனிதன் என்று அந்த எண்ணம் வளரவும் தொடங்கியது. இனத்தின் குணம் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகுமா?

கமெண்ட் அக்கா கையைத் தூக்கினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இந்தப் பன்னிரண்டு வருஷமா எல்லா வெட்டும் நீங்கதான் வெட்டினீங்க. உங்க மாத்தம் நடுவுல வந்து நின்னப்பல்லாம் என்ன எழுதினீங்க?"

நம்மவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவரைச் சுற்றி இருந்த ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு பழைய வழக்கு ஓடத் தொடங்கியது. டெக்னீஷியனுக்கு, ஒருதடவை நாற்பது மெமரி அட்டைகளைக் கழற்றி மாட்டியது ஞாபகம் வந்தது. ஜன்னலோர மேசைக்காரருக்கு, வாடிக்கையாளரிடம் போய்க் கைகட்டி மன்னிப்புக் கேட்டது ஞாபகம் வந்தது. தலைவிக்கு, வட்டம் பிசகாத பன்னிரண்டு பூஜ்யங்கள். நம்மவருக்கு எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. தரை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பொறுப்பு கமெண்ட் அக்காவுக்குப் போயிற்று. புதுப் பொறுப்பாளரின் முதல் உத்தரவு, நோட்டில் ஏறிய பழைய பலகைக் குறிப்புகளை எல்லாம் எடுத்து, ஓட்டாமலே 'நல்லது' என்று எழுதிய படிகளைத் தேடி மறுபடி ஓட்டுவது. ஓட்டவேண்டியவர் டெக்னீஷியன், நம்மவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னால் போதும். இதுவரை ஏழு வழக்குகள் புரண்டுவிட்டன. ஏழிலும் பழி சுமந்தவர்களிடம் மேசை மேசையாகப் போய் மன்னிப்புக் கேட்டார். எட்டாவது வழக்கில் மட்டும் தப்பு நிஜமாகவே ஜன்னலோர மேசைக்காரருடையது என்று தெரிந்தது. அன்றைக்கு நம்மவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்து அறையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். இப்போதெல்லாம் தன் மாற்றம் என்றால் இரண்டு தடவை ஓட்டுகிறார், அதை எல்லோரிடமும் இரண்டு தடவை சொல்கிறார்.

சரி, நீங்களும் சிரித்துக்கொண்டேதான் படித்தீர்கள், தெரியும். படிக்கப் படிக்க, இந்த ஆள் யாரைப் போல இருக்கிறார் என்று உங்கள் மனதில் ஒரு வரிசை ஓடியிருக்கும்: ஆபீசில் இருக்கும் அந்த ஒருவர், மைத்துனர், மேல்மாடிக்காரர், வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவர். ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்து, இவர் அப்படித்தான், இவரும் அப்படித்தான் என்று சலிக்காமல் எழுதிக்கொண்டே வந்திருப்பீர்கள். அந்த வரிசையின் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் உங்கள் பெயரும் வந்திருக்குமே. அதை ஓட்டிப் பார்த்தீர்களா?